பெரிய மங்கு வைத்தால் பால் கூடிவிடாது

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ பாசார் காராட் சந்தையிலிருந்து நேராகச் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறைக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. பழைய நாளிதழ்த் தாளை விலக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள், இரண்டையும் தாங்கும் அலுமினிய மேனிஃபோல்ட் என்ற காற்றுக்குழாய், வளைந்துபோன இணைப்புக் கம்பிகள் சில. பித்தளைப் பாகங்களில் பச்சை பூத்திருந்தது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தாவின் மோரிஸ் மைனர் 1000 அவர் வீட்டில் நிற்கிறது. அதற்காக வாங்கியிருக்கிறார்.

"இதைப் பூட்டினால் வண்டி எவ்வளவு கூடுதலாக ஓடும், மாமா?" என்று கேட்டார்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். மரத்தில் கட்டியிருக்கும் மங்கை, பால் வடியும் அந்தக் கிண்ணத்தை, கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை வைத்தால் பால் கூடுமா என்று சிறுவயதில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். மரம் தருவதுதான் மங்கில் விழும் என்றார். வெட்டு எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது, பட்டையில் பால் ஓடும் கோடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார். அந்த இளைஞரிடமும் அதையேதான் சொன்னேன். எஞ்சின் இழுக்கும் காற்றைத்தான் கார்புரேட்டர் அளந்து கொடுக்க முடியும். அந்தக் காற்று ஓடிவரும் கோடு மேனிஃபோல்ட். பழைய எஞ்சினுக்குப் பழைய பந்தயப் பாகம் பூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கார்புரேட்டரை வாங்குவதற்குப் படும் பாட்டில் கால்பங்கைக்கூட இந்தக் குழாய்க்குப் படுவதில்லை. வண்டி முன்பைவிட மோசமாக ஓடுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கார்கள் இங்கே எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கத்து எல்பில் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலிருந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த மலாயாவின் அவசரகாலம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டப்புறச் செம்மண் சாலைகளில் துரைமார் ஓட்டிய வண்டிகளில் அதுவும் ஒன்று. துரைமார் கப்பலேறியபோது வண்டிகள் கிராணிமாருக்கும் தோட்ட மருத்துவமனை டிரசர்மாருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கைமாறின. மலாயா அமைச்சரும் எங்கள் ஊர்க்காரருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்க வழிசெய்த காலம் அது. ஒரு மைனரை வாங்கி வாசலில் நிறுத்துவது ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தந்தது என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் கண்கலங்கச் சொல்வார்கள். அதனால்தான் அவற்றின்மேல் கைவைக்கும்போது எனக்குள் ஒரு பயம் இருக்கிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு இழுவை வேண்டும்போது பெட்ரோலைக் கூட்டி அதைச் சற்றுக் கொழுக்கவிட்டு 12.5 அல்லது 13 என்ற அளவில் வைக்கிறோம். தொடக்க கால மைனர் 1000 எஞ்சினின் கொள்ளளவு 948 சிசி. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது முழு மூச்சு வாங்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைய இழுத்தாலும், 2,370 லிட்டர்தான் கணக்கு. நிஜத்தில் அதில் எண்பது விழுக்காடு கிடைத்தாலே நல்ல எஞ்சின். இந்த எண்ணைத் தாண்டி எந்தக் கார்புரேட்டரும் காற்றை உள்ளே தள்ளிவிடாது. வால்வு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறக்கிறது, புகைக்குழாய் எவ்வளவு எளிதாகக் காலி செய்கிறது என்பவைதாம் அந்த எண்ணை முடிவுசெய்கின்றன.

இதற்குத் தொழிற்சாலையே ஒரு சாட்சியை விட்டுச்சென்றிருக்கிறது. ஒற்றை எஸ்யூ பூட்டிய மோரிஸ் மைனர் 1000 தந்தது 37 குதிரைத்திறன். 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டில் இருந்ததும் அதே 948 சிசி எஞ்சின்தான். இரட்டை எஸ்யூ, வேறு மேனிஃபோல்ட், வலுவான வால்வு ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து அது தந்தது 43. கூடியது 6 குதிரைத்திறன். 1961இன் மினி கூப்பர் சாதாரண மினியின் 34இலிருந்து 55க்குத் தாவியது உண்மைதான். ஆனால் அங்கே கொள்ளளவு 848இலிருந்து 997 சிசியாயிற்று. தலைப்பகுதி, வால்வைத் திறக்கும் கேம், புகைக்குழாய் எல்லாமே மாறின. இரட்டைக் கார்புரேட்டர் அந்த மாற்றங்களுக்குப் பின்னால் வந்து நின்ற துணை. மான்டி கார்லோ ராலியை மினிகள் 1964, 1965, 1967 ஆண்டுகளில் வென்ற படங்களைப் பார்த்துவிட்டு, வெளியே தெரிகிற இரண்டு கார்புரேட்டர்களை மட்டும் தேடி அலைகிறோம்.

எஸ்யூவின் வேலைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது அது. செருப்பு வணிகக் குடும்பத்தினர். முதல் மாதிரிகளில் காற்றுப்பை தோலால் ஆனது என்பதை நினைத்தால் வீட்டுத் தொழிலின் வாசனை அதில் இருப்பது புரியும். குவிமாடம் போன்ற மேல்மூடிக்குள் ஒரு பிஸ்டன் தொங்குகிறது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அந்த உறிஞ்சலிலேயே பிஸ்டன் உயர்கிறது, வழி அகலமாகிறது. பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி. கீழே போகப் போகக் கூராகும் அந்த ஊசி, ஜெட் என்ற பெட்ரோல் துளைக்குள் நிற்கிறது. பிஸ்டன் உயர்ந்தால் ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வருகிறது, பெட்ரோலுக்கு வழி கூடுகிறது. காற்றும் பெட்ரோலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கூடிக் குறைகின்றன. எஞ்சின் கேட்கும் அளவுக்குத் தானே வாயைத் திறக்கும் கார்புரேட்டர் இது. அதனால் சற்றுப் பெரிய எஸ்யூவைப் பூட்டினாலும் அது ஓரளவு மன்னித்துவிடும்.

வெபர் அப்படியன்று. எடோர்டோ வெபர் இத்தாலியின் பொலோனியா நகரில் 1923இல் தொடங்கிய தொழில் அது. டிசிஓஇ வகை இரட்டைவாய் வெபரின் ஒவ்வொரு வாயிலும் மாறாத அளவில் ஒரு குறுக்கம் இருக்கும். அதையும் சோக் என்றுதான் சொல்கிறார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினுக்காக இழுக்கும் குமிழுக்கும் அதே பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பாகத்துக்குப் பணம் அனுப்பியவர்களை நான் அறிவேன். அந்தக் குறுக்கம் 30 மில்லிமீட்டர் என்றால் எல்லா வேகத்திலும் 30தான். எனவே எஞ்சினுக்குப் பொருந்தும் குறுக்கத்தை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கார்புரேட்டரின் பெயரில் உள்ள 40 அல்லது 45 என்ற எண் வாயின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. தொடக்கப் புள்ளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. குறுக்கத்தின் மில்லிமீட்டரை நான்கால் பெருக்கினால் பிரதான ஜெட்டின் எண். 30க்கு 120. அதனோடு 50 கூட்டினால் காற்று ஜெட், 170. இந்த எண்கள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். இது புறப்படும் இடம் மட்டுமே. பல வாரப் பொறுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இனி மேனிஃபோல்ட். என் நாளின் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது.

ஒன்றேகால் அங்குல வாய்க்குப் பதில் ஒன்றேமுக்கால் அங்குலம் வைத்தால் விட்டம் அரை அங்குலம்தான் கூடுகிறது. பரப்போ ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதே காற்று இரண்டு மடங்கு அகலமான வழியில் போனால் அதன் வேகம் பாதியாகும். வேகமாக ஓடும் காற்று பெட்ரோலைத் துளித்துளியாக உடைத்துத் தூக்கிக்கொண்டு போகும். மெதுவாக ஓடும் காற்று அதைக் கீழே போட்டுவிடும். போட்ட பெட்ரோல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டி, தரையில் ஓடையாக ஓடி, சிலிண்டருக்கு எப்போது வேண்டுமோ அப்போது வராமல் பிந்தி வரும். எஸ்யூவின் பிஸ்டன் தன் வாயைச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் உள்ள குழாய் சுருங்காது. "பசாருக்குள் வண்டி விக்குகிறது, நெடுஞ்சாலையில் பரவாயில்லை" என்று வருகிறவர்களின் மேனிஃபோல்டைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் குட்டை தேங்கிய அடையாளம் இருக்கும்.

மைனர், மினி, ஸ்பிரைட் எல்லாவற்றுக்கும் பொதுவான அந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கு சிலிண்டருக்கு உள்ளிழுக்கும் துவாரம் இரண்டே. முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் இரண்டுக்கு ஒன்று. ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல. எரியும் வரிசை 1-3-4-2. இரண்டாம் சிலிண்டர் இழுத்து முடிக்கும்போதே முதல் சிலிண்டர் அதே துவாரத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். அதன்பிறகு அந்தத் துவாரத்துக்கு நீண்ட ஓய்வு. ஒரு தட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து உண்பதைப் போன்றது இது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு கிடைக்காது. துவாரத்துக்கொரு கார்புரேட்டர் வைத்து, இரண்டுக்கும் நடுவே சமன்குழாய் ஒன்றை ஓடவிடுவது இந்த ஏற்றத்தாழ்வைத் தணிக்கத்தான். சமன்குழாயை "தேவையில்லை" என்று அடைத்துவிட்டவர்களின் வண்டிகள் நிற்கும் இடத்தில் நடுங்கும்.

அந்த இளைஞரின் பெட்டியிலிருந்த மேனிஃபோல்டை மேசைமேல் கவிழ்த்துவைத்து, எஃகு அளவுகோலின் விளிம்பை அதன் முகத்தில் நிறுத்தினேன். பின்னால் விளக்கைப் பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தது. ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தோம். 0.2 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போயிற்று. எத்தனையோ முறை சூடேறி ஆறிய அலுமினியம் வளைந்திருந்தது. இடையில் வைக்கும் கேஸ்கெட் தாள் இந்த இடைவெளியை அடைத்துவிடும் என்று நினைத்துப் பூட்டினால் அந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழையும். கார்புரேட்டருக்குத் தெரியாமல் நுழைகிற காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. கலவை மெலிந்து சிலிண்டர் சூடேறும். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் மணல்தாளை ஒட்டி, எண்ணெய் தெளித்து, எட்டு வடிவத்தில் தேய்க்கச் சொன்னேன். அரைமணி நேரம் தேய்த்தார். ஒளிக்கீற்று மறைந்தது.

அடுத்தது இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு வம்பு. உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஒரே ஸ்டட் (மரையிட்ட கம்பி), ஒரே தடித்த வாஷர், இரண்டின் ஓரத்தையும் சேர்த்து அழுத்துகிறது. இரண்டின் ஓரமும் ஒரே தடிமனாக இருந்தால்தான் வாஷர் நேராக உட்காரும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் வாஷர் சாய்ந்து, மெல்லிய பக்கம் பிடிப்பில்லாமல் நிற்கும். வேறு வேறு வண்டிகளிலிருந்து வந்த பாகங்களை ஒன்றுசேர்க்கும்போது இது கட்டாயம் நடக்கும். வெர்னியர் அளவியை வைத்து அளந்தோம். அலுமினியப் பக்கம் 0.8 மில்லிமீட்டர் குறைவு. வாஷரின் ஒரு பாதியில் அதே அளவுக்குப் படி விட்டுக் கடைசல் பிடித்துக் கொடுக்கும்படி ஊரிலுள்ள லேத்துக்கடைக்கு அனுப்பினேன். கொடுத்த பணத்தைவிடப் பல மடங்கு பயன் தந்த வேலை அது.

துவாரத்தின் வாயில் உட்காரும் சிறு எஃகு வளையங்களும் அந்தப் பெட்டியில் இல்லை. மேனிஃபோல்டைத் துவாரத்துக்கு நேராக நிறுத்துவது அவைதாம். அவை இல்லாமல் பூட்டினால் குழாய் ஒரு நூலிழை கீழே இறங்கி, காற்று வரும் வழியில் ஒரு படிக்கட்டு உண்டாகும். இந்தப் படிக்கட்டை வைத்துக்கொண்டு உள்புறத்தைப் பளபளவென்று மெருகேற்றுகிறவர்கள் உண்டு. மெருகு வேண்டியதே இல்லை. சற்றுச் சொரசொரப்பான சுவர்தான் பெட்ரோல் துளிகளை உலுக்கிவிடும். வேண்டியது நேர்வரிசை.

நட்டு போடும்போது ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் ஸ்டட் ஐந்து-பதினாறு அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். ஜப்பானிய நட்டு 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கையால் திருகினால் ஓரிரு சுற்றுப் போகும், பிறகு இறுகும். "இறுக்கமாக இருக்கிறது, நல்லது" என்று ஸ்பேனரை மாட்டினால் மரை நொறுங்கிவிடும். ஒன்றின் மரை இடைவெளி 1.06 மில்லிமீட்டர், மற்றதன் இடைவெளி 1.25. என் தொடக்க காலத்தில் ஒரு போமன் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்போம்) இந்தத் தவறைச் செய்து ஒரு சிலிண்டர் தலையைப் பாழாக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் தனித்தனி டின்.

நம் தட்பவெப்பம் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் எதுவும் சொல்லாது. 15 பாகை செல்சியஸ் காற்றோடு ஒப்பிட்டால் 33 பாகைக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. நம் காற்றில் இருக்கும் நீராவியும் தன் பங்குக்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கார்புரேட்டர் காற்றை எடைபோடுவதில்லை, அது ஓடும் வேகத்தைத்தான் உணர்கிறது. எனவே அங்கே சரியாக இருந்த ஊசியும் ஜெட்டும் இங்கே கொஞ்சம் கொழுத்த கலவையையே தரும். புத்தகத்தில் உள்ள ஜெட் எண்ணை அப்படியே போட்டுவிட்டுப் பிளக் கறுக்கிறதே என்று பலர் தவிப்பது இதனால்தான்.

அதைவிடப் பெரிய எதிரி எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சூடு. ஏ-சீரிஸில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகைக்குழாய் கொதிக்கிறது. மூடிக்குள் 60 பாகை என்றால், வெளியே உள்ள 33 பாகைக் காற்றைவிட அது மேலும் 8 விழுக்காடு மெலிந்தது. வண்டியை நிறுத்தி ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வந்தால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும், வண்டி கிளம்பாது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தாத தடித்த பேக்கலைட் துண்டு ஒன்று, கீழே அலுமினியத் தகட்டுத் தடுப்பு ஒன்று. மலேசியாவில் இவை இரண்டும் இல்லாமல் இரட்டைக் கார்புரேட்டர் பூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓடும் நேரத்திலோ நிலைமை நேர்மாறு. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், விடிகாலை ஈரக்காற்றில் கார்புரேட்டரின் உடல் பனிநீர் பூத்து வியர்த்திருக்கும். விரல் வைத்தால் குளிரும். முதன்முறை பார்க்கிறவர்கள் தண்ணீர் கசிவதாக நினைப்பார்கள்.

தூசியைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத எனக்கு வரவில்லை. கார்புரேட்டரின் வாயில் மினுமினுக்கும் அலுமினிய ஊதுகுழல்களை மட்டும் மாட்டி, வடிகட்டி இல்லாமல் ஓட்டுகிறார்கள். படத்துக்கு அழகாக இருக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போய்வரும் செம்மண் சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, ஊதுகுழலின் உள்விளிம்பில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி செங்கல் நிறமாகும். அந்தத் துகள் எண்ணெயோடு சேர்ந்தால் அதுவே அரைப்புப் பசை. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் அது தின்னும். பாகத்தை மறுபடி வாங்கலாம். தாத்தா ஓட்டிய எஞ்சினின் மூல சிலிண்டரை எங்கே போய் வாங்குவது? ஊதுகுழல் வேண்டுமென்றால் அதை உள்ளே வைத்து வெளியே வடிகட்டிப் பெட்டி போட இடம் இருக்கிறது. அதன் நீளமும் வாய் வளைவும் காற்றுக்கு நல்லதே செய்யும்.

சந்தையில் வாங்கும் எஸ்யூவில் நான் முதலில் பார்ப்பது, காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் த்ராட்டில் தண்டு. விரலால் மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அறுபது ஆண்டு கழிந்த கார்புரேட்டரில் பெரும்பாலும் ஆடும். தண்டும் அது சுழலும் புஷும் புதிதாகப் போட்டால்தான் மற்ற எந்தச் சரிசெய்தலுக்கும் பொருள் உண்டு. அடுத்து ஊசியின் கழுத்தில் பொறித்த சிறிய எழுத்து. அது அந்த ஊசி எந்த எஞ்சினுக்கு அளந்து செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே எழுத்தா? இந்தப் பெட்டியில் இல்லை. வெவ்வேறு வண்டிகளின் கார்புரேட்டர்களை யாரோ ஜோடி சேர்த்து விற்றிருக்கிறார்கள். மேல்மூடியும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் அவற்றையும் மாற்றிப் போடக் கூடாது. கழற்றும்போதே இடது, வலது என்று எழுதிவைக்கிறேன்.

எல்லாம் பூட்டியபிறகு சமன்படுத்தும் வேலை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு நுனி காதில், மறு நுனி கார்புரேட்டரின் வாயில். எஞ்சின் சூடேறி நிதானமாக ஓடும்போது "ஸ்ஸ்" என்ற ஒலி கேட்கும். பக்கத்துக் கார்புரேட்டருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்கும்வரை த்ராட்டில் திருகாணியை மயிரிழை அளவில் நகர்த்த வேண்டும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரின் காது வேண்டும் இதற்கு. பிறகு கலவை. ஜெட்டின் கீழுள்ள ஆறுபட்டை நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்கலாம். பிஸ்டனை அதைத் தூக்கும் சிறு பொத்தானால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை கொழுத்திருக்கிறது. உடனே அணையப் பார்த்தால் மெலிந்திருக்கிறது. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான் திருப்ப வேண்டும்.

மேல்மூடியின் டேம்பர் எண்ணெயை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பெடலை மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழாமல் அந்த எண்ணெய்தான் பிடித்துவைக்கிறது. அந்தச் சிறு தாமதத்தில் உறிஞ்சல் கூடிப் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக வருகிறது. வெபரில் இதற்கென்று ஒரு பம்பு இருக்கிறது. எஸ்யூவில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. 20 எண் எண்ணெய் போதும்.

பிளக்கின் பீங்கான் தே தாரிக் நிறத்தில் இருக்க வேண்டும் என்று மூத்த போமன்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஈயம் கலக்காத இன்றைய பெட்ரோலில் அந்த நிறம் முன்போல் தெளிவாக எழுதிக்காட்டுவதில்லை. புகைக்குழாயில் லாம்டா உணரி ஒன்றைப் பொருத்தி, காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே பார்ப்பது நல்லது. பழைமைக்கு அது இழுக்கன்று. சோதனை முடிந்ததும் கழற்றிவிட்டு அடைப்பு போட்டுவிடலாம்.

ஜப்பானிய வண்டிகளுக்கும் இதே நியாயம்தான், சிரமம் குறைவு. டாட்சன் 120ஒய்யின் 1,171 சிசி ஏ12 எஞ்சினுக்கும், கொரோலா கேஇ70இன் 1,290 சிசி 4கே எஞ்சினுக்கும் மிக்குனி-சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜோடியைத் தேடுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். 40பிஹெச்ஹெச் என்ற அந்த மிக்குனி, டொயோட்டாவின் இரட்டைக் கேம் 1,588 சிசி 2டி-ஜி எஞ்சினோடு வந்தது. அந்த எஞ்சின் இழுக்கும் காற்றை மனத்தில் வைத்துப் போட்ட குறுக்கத்தை 4கேயில் அப்படியே பூட்டினால் தாழ்வேகத்தில் இழுவை போய்விடும். சிறிய குறுக்கத்தை முதலில் வாங்குங்கள். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவையும் இப்போது பாதுகாக்கத் தொடங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. அதில் பிரேக்குக்கு வலுக்கூட்டும் பூஸ்டர் மேனிஃபோல்டின் உறிஞ்சலை நம்பியிருக்கிறது. தனித்தனிக் குழாய் மேனிஃபோல்டுக்கு மாற்றும்போது அந்த உறிஞ்சலை எங்கிருந்து எடுப்பது என்று தீர்மானிக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாய்க்கும் இதுவே பொருந்தும்.

அந்த மைனர் ஆறு வாரம் என் பட்டறையில் நின்றது. ஸ்பிரைட் வகைப் புகை மேனிஃபோல்ட், வளையங்கள், புதுத் தண்டுகள், ஒரே எழுத்துள்ள ஊசி ஜோடி என்று ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. கோலாகங்சார் தாண்டி புக்கிட் கந்தாங் ஏற்றத்துக்கு ஓட்டிப்போனோம். முன்பு மூன்றாம் கியருக்கு இறங்கிய இடத்தில் நான்காம் கியரிலேயே ஏறியது. வேகமானியில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. தாத்தா பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். ஏற்றம் முடிந்ததும், "சத்தம் மாறிவிட்டதே, ஆனால் நடுங்கவில்லை" என்றார். 200 கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் ஆறிய நிலையில் மேனிஃபோல்ட் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும், புது கேஸ்கெட் அதற்குள் அமுங்கியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார் அந்த இளைஞர். ஆறு நட்டில் இரண்டு மட்டும் ஆளுக்குக் கால் சுற்றுத் திரும்பின.